டொராண்டோ அவுட்டர் ஹார்பர்ல வாரநாள் சாயங்கால பாய்ப்படகு ரேஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடை வந்தாச்சுன்னா வாரத்துல ஒரு சாயங்காலம் நான் செர்ரி பீச் பக்கம் பாய்ப்படகு ரேஸ்லதான் இருப்பேன். இது தெரிஞ்சவங்க கோயில்ல, பர்த்டே பார்ட்டில, ஆபீஸ் லிஃப்ட்லன்னு எங்க பாத்தாலும் கேக்கற சந்தேகங்களை எல்லாம் இங்க ஒரே இடத்துல போட்டுட்டேன். கேள்விகளை அவங்கவங்க கேட்ட மாதிரியே விட்டிருக்கேன். மேலேர்ந்து வரிசையா படிச்சா நல்லது, ஏன்னா கீழ வர்ற பதில்கள் மேல சொன்னதை வச்சுத்தான் போகும்.

டொராண்டோவுல கடலே இல்லையே, எங்க ரேஸ் விடறீங்க?

லேக் ஒண்டாரியோல. ஏரின்னு பேருதான், கரைல நின்னு பாத்தா எதிர்க்கரை தெரியாது. ரேஸ் நடக்கறது அவுட்டர் ஹார்பர்ங்கற பகுதில, செர்ரி பீச்சுக்கு முன்னாடி இருக்கற தண்ணி. அதுக்குத் தெற்கால லெஸ்லி ஸ்ட்ரீட் ஸ்பிட்னு சுமார் 5 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நிலம் ஏரிக்குள்ள நீட்டிட்டு இருக்கும், அது இயற்கையா வந்தது இல்ல, இடிச்ச கட்டடக் கல்லும் மண்ணும் கொட்டி உண்டாக்கினது. 1959ல செயின்ட் லாரன்ஸ் சீவே திறந்தப்போ பெரிய கப்பல் எல்லாம் குவியப்போகுதுன்னு நம்பி புதுத் துறைமுகத்துக்காக ஆரம்பிச்ச வேலை. எதிர்பார்த்த அளவுக்குக் கப்பல் வரல, ஆனா பெரிய அலை உள்ள வராத, காத்து மட்டும் தாராளமா வர்ற ஒரு தண்ணிப்பரப்பு நமக்குக் கிடைச்சுது. சின்னப் பாய்ப்படகு கத்துக்க இதைவிட நல்ல இடம் இந்த ஊர்ல இல்லன்னு நான் அடிச்சு சொல்வேன்.

அந்தக் கரையோரமா ரெகாட்டா ரோடுன்னு ஒரு ரோடு, அதுல வெஸ்ட்வுட், செயின்ட் ஜேம்ஸ்டவுன், மூர்டேல்னு உறுப்பினர்களே சேர்ந்து நடத்தற கிளப்புங்க வரிசையா இருக்கு. பளபளப்பு எல்லாம் இருக்காது. வேலி, படகு, ஒரு சின்ன ஷெட், புல்தரை, அவ்வளவுதான்.

யாட் கிளப்னா பணக்காரங்க சமாச்சாரம் இல்லையா?

சொந்தமா படகு வாங்கணும்னு எல்லாரும் நினைக்கறாங்க, தேவையே இல்ல. இந்த மாதிரி கம்யூனிட்டி கிளப்ல படகு கிளப்போடது, சீசனுக்கு ஒரு தடவை மெம்பர்ஷிப் கட்டினா போதும், அதுக்கு மேல கொஞ்சம் உடம்பு உழைப்பும் தரணும். வசந்தத்துல படகைத் தேய்க்கறது, மரச்சாமான் சரி பண்றது, புல் வெட்டறது, ரேஸ் அன்னிக்கு டியூட்டி போடறதுன்னு எல்லாரும் கை கொடுப்பாங்க. கட்டணம் கிளப்புக்குக் கிளப் மாறும், வருஷா வருஷமும் மாறும், அதனால நேரா கிளப்லயே கேட்டுக்கோங்க.

நான் ஒருக்காலும் பாய்ப்படகில ஏறினதில்லை. ரேஸுக்கு வரலாமோ?

வரலாம், க்ரூவா வாங்க. இங்க ஓட்டற ஆல்பகோர் படகு ரெண்டு பேர் ஓட்டறது. சுக்கான் பிடிக்கறவர் ஸ்கிப்பர், முன்னாடி உக்காந்து ஜிப்ங்கற சின்ன முன்பாயைப் பாக்கறவர் க்ரூ. நிறைய ஸ்கிப்பருங்களுக்கு சாயங்காலம் 6 மணி வரைக்கும் க்ரூ கிடைக்காம இருக்கும், அதனால கரைல வந்து நின்னு "நான் புதுசு, யாருக்காவது ஆள் வேணுமா?"ன்னு கேட்டா யாராவது ஒருத்தர் கட்டாயம் கூப்பிடுவாங்க. கெஸ்ட்டா வர்றவங்க கையெழுத்து போடற ஃபார்ம் இருக்கும், அதை மட்டும் முன்னாடியே விசாரிச்சுக்கோங்க.

"முதல்ல கிளாஸ் முடிச்சுட்டு, நாலு வருஷம் ஓட்டிப் பழகிட்டு அப்பறமா ரேஸுக்கு வர்றேன்"னு சொல்றவங்க நிறைய. எனக்கு இதுல உடன்பாடே இல்ல. சும்மா சுத்தும்போது காத்து திரும்பினா நாமளும் சௌகரியமா திரும்பிடுவோம், பாய் சரியா இல்லேன்னாலும் படகு எப்படியோ நகரும், எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ரேஸ்ல பக்கத்துலயே அதே மாதிரி இன்னொரு படகு நம்மளத் தாண்டிப் போகுது, அவங்க என்ன வித்தியாசமா பண்றாங்கன்னு அப்பவே பாத்து அப்பவே மாத்திக்கலாம். ஒரு கோடை முழுக்க ரேஸ் விட்டவங்க கத்துக்கிட்டதை, சும்மா சுத்தினவங்க பல வருஷத்துலயும் கத்துக்கறது இல்ல.

எனக்கு நீந்தத் தெரியாது. பரவாயில்லையோ?

இதுல மட்டும் நான் சமாதானமா பேச மாட்டேன். லைஃப் ஜாக்கெட் உங்களை மிதக்க வைக்கும், அது உண்மை. ஆனா இந்தப் படகு கவிழும், கவிழும்போது தலை தண்ணிக்குள்ள போகும், பாய் மேல வந்து விழலாம், அந்த நேரத்துல தண்ணியைக் கண்டு பதறாத மனசு வேணும். சிட்டி நீச்சல் குளங்கள்ல பெரியவங்களுக்கும் வகுப்பு இருக்கு, குளிர்காலத்துலயே சேர்ந்துடுங்க. நம்ம ஆளுங்கள்ல 40 வயசுக்கு மேல நீச்சல் கத்துக்கிட்டு வந்து இப்ப ஜாலியா க்ரூ பண்றவங்களை எனக்குத் தெரியும், அதனால வெக்கப்பட இதுல ஒண்ணுமே இல்ல.

அதுவரைக்கும் ரேஸை நடத்தறவங்க இருக்கற கமிட்டி போட்ல உக்காந்து ஹாரன் அடிக்க, நேரம் எழுத வாங்க. அதுவும் ரேஸ்தான், அங்கேர்ந்து பாத்தா ஸ்டார்ட் எப்படி நடக்குதுன்னு படகுல இருக்கறவங்களைவிட நல்லாவே தெரியும். அங்கயும் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கணும்.

ஆல்பகோர்னா என்ன படகு?

15 அடி நீளம், அதாவது 4.57 மீட்டர். உஃபா ஃபாக்ஸ்னு புகழ்பெற்ற இங்கிலாந்து டிசைனர் 1954ல வரைஞ்சது. ரெண்டு பாய்தான், பெரியது மெயின், முன்னாடி ஜிப், காத்தோட போகும்போது விரிக்கற பலூன் மாதிரி பாய், ஸ்பின்னக்கர், கிடையாது. படகோட உடம்பு மட்டும் 109 கிலோ. ஒல்லியா இருக்கறவங்களும் கனமா இருக்கறவங்களும் ஜோடி போட்டு ஓட்டலாம், கணவன் மனைவி, அப்பா பொண்ணுன்னு வர்றவங்க நிறைய. பழைய படகும் புதுப் படகோட நல்லாவே போட்டி போடும். அதனாலதான் இங்க இத்தனை கிளப் இதையே வச்சிருக்கு.

எத்தனை மணிக்கு ஆரம்பிக்கும், எப்ப முடியும்?

பொதுவா ஆறரைலேர்ந்து ஏழுக்குள்ள முதல் ஸ்டார்ட். ஜூன் கடைசில இங்க சூரியன் மறையறதே 9 மணிக்கு மேல, அதனால ரெண்டு மூணு சின்ன ரேஸ் ஓட்டிடலாம். ஆகஸ்ட் கடைசில 8 மணிக்கே மறைஞ்சுடும், அப்ப ஒண்ணு ரெண்டோட சரி. ஆபீஸ் முடிஞ்சு நேரா வர்றவங்க ஒண்ணை மறந்துடாதீங்க, படகை ரிக் பண்ணி (கயிறு, சாமான் எல்லாம் பூட்டி), பாய் ஏத்தி, தள்ளி இறக்கி, ஸ்டார்ட் லைன் வரைக்கும் போக முக்கால் மணி நேரம் ஆகும். ஏழு மணி ரேஸுக்கு ஏழு மணிக்கு வந்து நிக்கக் கூடாது.

என்ன டிரஸ் போடணும்?

ஜீன்ஸ் வேண்டாம், காட்டன் வேண்டாம். நனைஞ்சா காயவே காயாது, குளிரும். சீக்கிரம் காயற டிரஸ், விரல் மூடின ஷூ (செருப்பு வேண்டவே வேண்டாம், படகுக்குள்ள கால்ல இடிக்கற சாமான் நிறைய), மூக்குக்கண்ணாடி போடறவங்க அதுக்கு ஒரு கயிறு, ஒரு பாட்டில் தண்ணி. மே, ஜூன்ல வெட்சூட் (தண்ணில உடம்புச் சூட்டைக் காக்கற ரப்பர் டிரஸ்) இல்லாம வராதீங்க. கார்ல மாத்துத் துணியும் துண்டும் வச்சிருங்க. படகுல ஒவ்வொருத்தருக்கும் அளவான லைஃப் ஜாக்கெட் இருக்கணும்கறது கனடா சட்டம், ஆனா ரேஸ்ல இருந்தா மட்டும் போதாது, போட்டு நல்லா மூடியிருக்கணும்.

ஜூலைல கூடவா தண்ணி குளிரும்? வெளில 30 டிகிரி கொதிக்குதே!

குளிரும், அதான் இந்த ஏரியோட குணம். மேற்குலேர்ந்து ரெண்டு மூணு நாள் விடாம பலமா காத்து அடிச்சா மேல இருக்கற சூடான தண்ணியைக் கரையை விட்டுத் தள்ளிடும், அடிலேர்ந்து குளிர்ந்த தண்ணி ஏறி வரும். நேத்து 20 டிகிரிக்கு மேல இருந்த தண்ணி ஓரிரு நாள்ல 10க்குப் பக்கத்துல வந்து நிக்கும். வெயிலைப் பாத்து டிரஸ் பண்ணாதீங்க, தண்ணியோட டெம்பரேச்சரைப் பாத்துப் பண்ணுங்க.

கனடால 1-10-1ன்னு சொல்லிக் கொடுப்பாங்க. ரொம்பக் குளிர்ந்த தண்ணில விழுந்தா மூச்சு நிதானத்துக்கு வர 1 நிமிஷம், கை கால் சொன்னபடி கேக்கறது சுமார் 10 நிமிஷம், குளிரால நினைவு தப்ப சுமார் 1 மணி நேரம். அந்த முதல் நிமிஷத்துல வேற எதுவும் செய்யாம மூச்சை மட்டும் நிதானத்துக்குக் கொண்டு வாங்க, மத்ததெல்லாம் அதுக்கப்பறம்.

கவிழ்ந்தா என்ன பண்ணணும்?

முதல்ல ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டு ரெண்டு பேரும் இருக்கீங்களான்னு பாருங்க. அப்பறம் படகை விட்டு நகராதீங்க. கரை கிட்ட இருக்கற மாதிரித்தான் தெரியும், நீந்திப் போயிடலாம்னு தோணும், போகாதீங்க. தண்ணில ஒரு தலை யார் கண்ணுக்கும் படாது, கவிழ்ந்த படகு தூரத்துலேர்ந்தே தெரியும். பாயை இழுத்துப் பிடிக்கற கயிறு ரெண்டையும் அதைக் கவ்வியிருக்கற க்ளீட்லேர்ந்து விடுவிச்சுட்டு ஒருத்தர் அடிப்பக்கம் போய் சென்டர்போர்டு (படகுக்கு அடில நீட்டிட்டு இருக்கற பலகை) மேல ஏறணும், இன்னொருத்தர் படகோட உள்பக்கம் மிதந்துட்டே இருக்கணும். மேல ஏறினவர் பின்னால சாய்ஞ்சு இழுக்க இழுக்க பாய்மரம் மெதுவா எழும், படகு நிமிரும்போதே உள்ள இருக்கறவரையும் அள்ளி உள்ள போட்டுடும். முடியலன்னா கை காட்டுங்க, சேஃப்டி போட் வரும், அதுக்குத்தான் அது நிக்குது.

பக்கத்துல யாராவது ஆபத்துல இருந்தா ரேஸை விட்டுட்டு உதவணும். இது நல்லெண்ணம் மட்டும் இல்ல, பாய்ப்படகு ரேஸ் விதிப்புத்தகத்துல முதல் விதியே அதுதான்.

க்ரூவா வந்தா நான் சும்மா உக்காந்திருக்கணுமா?

சும்மாவா! படகு சாயும்போது ஓரத்துல உக்காந்து உடம்பை வெளில நீட்டி சமன் பண்றது, சென்டர்போர்டை ஏத்தி இறக்கறது, பாய்க்கு அடில எட்டிப்பாத்து வேற படகு வருதான்னு சொல்றது, எல்லாம் உங்க வேலை. ஆனா பெரிய வேலை ஜிப். அதோட ரெண்டு பக்கத்துலயும் சின்னதா கம்பளி நூல் ஒட்டியிருக்கும். காத்து வர்ற பக்கத்து நூல் படபடன்னு ஆடினா கயிறைக் கொஞ்சம் இழுங்க, மறுபக்கத்து நூல் ஆடினா கொஞ்சம் விடுங்க, ரெண்டும் சேர்ந்து பின்னால படுத்து ஓடினா அப்படியே பிடிங்க. இதை மட்டும் கண் எடுக்காம செஞ்சா முதல் நாளே ஸ்கிப்பர் உங்களை அடுத்த வாரத்துக்குப் புக் பண்ணிடுவார்.

ஆகஸ்ட்ல இன்னொரு வேலையும் உண்டு. தண்ணிக்கு அடில செடி வளர்ந்து சென்டர்போர்டுலயும் சுக்கான்லயும் சுத்திக்கும், படகு காரணமே இல்லாம மந்தமாகும். அப்ப போர்டை ஒரு தடவை முழுசா தூக்கி இறக்கினா கொத்தா கழண்டு பின்னால போறது தெரியும், படகு உடனே உயிர் வந்த மாதிரி கிளம்பும்.

காத்துக்கு எதிரா எப்படிப் போறீங்க, மோட்டார் இருக்கா?

மோட்டார் கிடையாது. நேர் எதிரா போக முடியாது, சுமார் 45 டிகிரி சாய்வா ஒரு பக்கம் போய், திரும்பி, மறுபக்கம் அதே சாய்வா போய், இப்படி வளைஞ்சு வளைஞ்சு ஏறணும். அந்தத் திரும்பறதுக்குப் பேர் டேக். காத்து வர்ற திசைல ஒரு மிதவை, கீழ ஒரு மிதவை, ஏறி இறங்கி ஏறி இறங்கினா ஒரு ரேஸ்.

மோட்டார் இல்லாததால இந்தப் படகுக்கு ஆப்பரேட்டர் கார்டும் தேவையில்ல, அது மோட்டார் படகுக்குத்தான்.

யாருக்கு யார் வழி விடணும்? கேட்டாலே தலை சுத்துது.

மூணு விதி தெரிஞ்சா முதல் சீசன் ஓட்டிடலாம். ஒண்ணு, காத்து உங்க இடது பக்கத்துலேர்ந்து வந்தா நீங்க போர்ட் டேக், வலது பக்கத்துலேர்ந்து வர்றவங்க ஸ்டார்போர்ட் டேக், போர்ட்தான் வழி விடணும். ரெண்டு, ரெண்டு பேரும் ஒரே டேக்ல பக்கத்துல பக்கத்துல போனா காத்து வர்ற பக்கம் இருக்கறவர் விலகணும். மூணு, ஒரே டேக்ல பின்னாடி வர்றவர் முன்னாடி போறவர் மேல ஏறக்கூடாது. ஆனா வழி உரிமை உங்களுக்கே இருந்தாலும் மோதலைத் தவிர்க்க முடிஞ்சா தவிர்க்கணும். "நான்தான் ஸ்டார்போர்ட்"னு சொல்லிக்கிட்டே போய் இடிக்கறதுக்கு விதி அனுமதி தரல.

யாராவது "ஸ்டார்போர்ட்!"னு கத்தினா திட்டறாங்கன்னு நினைக்காதீங்க, ஹார்ன் அடிக்கற மாதிரி ஒரு எச்சரிக்கைதான்.

ஸ்டார்ட்ல ஏன் எல்லாரும் சுத்திச் சுத்தி வர்றாங்க? லைன்ல நின்னு கிளம்பலாமே?

பாய்ப்படகை நிறுத்தி வைக்க முடியாது, பிரேக் கிடையாது. கமிட்டி போட்டுக்கும் ஒரு மிதவைக்கும் நடுவுல இருக்கற கற்பனைக் கோடுதான் லைன். வாரநாள் ரேஸ்ல 3 நிமிஷ முறை ரொம்பப் பழக்கம், 3 நிமிஷம் இருக்கும்போது மூணு நீள ஹாரன், 2 நிமிஷத்துல ரெண்டு, 1 நிமிஷத்துல ஒண்ணு, கடைசி செகண்டுகள்ல குட்டிக் குட்டியா, அப்பறம் ஸ்டார்ட்டுக்கு ஒரு நீளம். பெரிய போட்டில 5 நிமிஷம், கொடியோட. முதல் ஹாரன்ல வாட்சை அமுக்கிடுங்க.

மீதி எல்லாம் காத்தைப் பாத்து வேகத்தோட அந்த செகண்ட்ல லைனுக்குப் போய்ச் சேர்றதுதான். ஒரு செகண்ட் முன்னாடி போனா தப்பு, இருபது செகண்ட் பிந்தினா முன்னாடி போறவங்க பாய் கலைச்சுவிட்ட கெட்ட காத்துல மாட்டிப்பீங்க. புதுசா வர்றவங்களுக்கு நான் சொல்றது, கூட்டம் இல்லாத நடுப்பகுதியோ கீழ்ப்பக்கமோ எடுத்துக்கோங்க, கமிட்டி போட்டை ஒட்டி மேலேர்ந்து நுழையாதீங்க. அங்க உள்ள ஏற்கனவே ஒரு படகு இருந்தா உங்களுக்கு இடம் தர வேண்டிய கடமை அவங்களுக்கு இல்ல. மிதவையைச் சுத்தும்போது உள்பக்கப் படகுக்கு இடம் தரணும்கற விதி ஸ்டார்ட் லைன்ல செல்லாது.

முன்னாடியே லைனைத் தாண்டிட்டா ஆட்டம் க்ளோஸா?

இல்ல. ஒரு ஹாரன் அடிச்சு நீல சிலுவை போட்ட வெள்ளைக் கொடி காட்டுவாங்க, சின்ன ரேஸ்ல உங்க பாய் நம்பரையும் கூப்பிடுவாங்க. முழுசா லைனுக்குப் பின்னாடி வந்துட்டு மறுபடி கிளம்பினா போதும், ஆனா திரும்பி வரும்போது மத்த எல்லாருக்கும் நீங்கதான் வழி விடணும். நிறையப் பேர் தாண்டி யார் யார்னே தெரியலன்னா எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டு முதல்லேர்ந்து நடத்துவாங்க.

மிதவை கிட்ட "ரூம், ரூம்"னு கத்தறாங்களே, அது என்ன?

முதல்ல ஒரு படகு மிதவையிலேர்ந்து மூணு படகு நீளத்துக்குள்ள வந்தப்போ உங்க ரெண்டு படகும் ஒண்ணுக்கொண்ணு பக்கவாட்டுல இருந்துதுன்னா வெளிப்பக்கம் இருக்கறவர் உள்பக்கம் இருக்கறவருக்குச் சுத்திப் போக இடம் தரணும். ஆல்பகோர்னா மூணு நீளம் 45 அடி, கிட்டத்தட்ட 14 மீட்டர். அந்த வட்டத்துக்கு வெளில தெளிவா பின்னாடி இருந்தவர் கடைசி நேரத்துல மூக்கை உள்ள நுழைச்சு "ரூம்"னு கேட்டா கிடைக்காது. காத்துக்கு எதிரா ஏறும்போது எதிரெதிர் டேக்ல வந்து மிதவை கிட்ட சந்திச்சா இது பொருந்தாது, அங்க மேல சொன்ன போர்ட், ஸ்டார்போர்ட் விதிதான். வாரநாள் ரேஸ்ல நடக்கற வாக்குவாதத்துல பாதிக்கு மேல இந்த ஒரு இடத்துலதான், அதனால வட்டத்துக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே பேசிடுங்க: "உனக்கு இடம் இருக்கு", "உனக்கு இல்ல". ஒரு வார்த்தை போதும்.

தப்பு பண்ணிட்டா யார் தீர்ப்பு சொல்வாங்க? அம்பயர் இருக்காரா?

அம்பயர் இல்ல, நீங்களேதான். விதியை மீறினது தெரிஞ்சா உடனே கூட்டத்தை விட்டு விலகி ரெண்டு சுத்து சுத்தணும், ஒவ்வொரு சுத்துலயும் ஒரு டேக், ஒரு ஜைப் (காத்தோட போகும்போது திரும்பறது). மிதவையை மட்டும் தொட்டிருந்தா ஒரு சுத்து. யாரும் பாக்கலன்னாலும் சுத்தணும். எனக்கு இந்த விளையாட்டுல ரொம்பப் பிடிச்ச விஷயமே இதுதான், கடைசி இடத்துக்குப் போயிடுவோம்னு தெரிஞ்சும் பேசாம போய்ச் சுத்திட்டு வர்றவங்களைப் பாத்தா மனசு நிறைஞ்சுடும்.

அவங்க ஒத்துக்கலன்னா நீங்க உடனே "புரொட்டஸ்ட்"னு சத்தமா சொல்லணும். சிவப்புக் கொடி 6 மீட்டரும் அதுக்கு மேலயும் இருக்கற படகுக்குத்தான், ஆல்பகோருக்கு வேண்டாம். பெரும்பாலும் கரைக்கு வந்து விதிப்புத்தகத்தைப் பிரிச்சு வச்சுப் பேசினாலே தீர்ந்துடும். பழைய புத்தகத்தை வச்சுப் பேசாதீங்க, இந்த விளையாட்டோட உலக அமைப்பு வேர்ல்ட் செய்லிங் 4 வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தும், இப்ப இருக்கறது 2025லேர்ந்து 2028 வரைக்கும்.

கடைசில வந்தா அவமானம் இல்லையா? பாயிண்ட் எப்படிப் போடறாங்க?

முதல்ல வந்தா 1 பாயிண்ட், ரெண்டாவதுக்கு 2, அப்படியே. யாருக்குக் குறைவோ அவங்க ஜெயிச்சாங்க. சீசன் முழுக்கக் கூட்டி, மோசமான சில ரேஸைக் கழிச்சிடுவாங்க, ஊருக்குப் போனவங்க, ஓவர்டைம் மாட்டினவங்க எல்லாருக்கும் அது சௌகரியம். வராதவங்களுக்குக் கடைசில வந்தவரைவிட அதிக பாயிண்ட் விழும், அதனால கடைசில வர்றது வராம இருக்கறதைவிட எவ்வளவோ மேல். கடைசிப் படகு முடிக்கறப்பவும் ஹாரன் அடிப்பாங்க.

பீர் கேன் ரேஸ்னு சொல்றாங்களே, குடிச்சிட்டு ஓட்டறதா?

வட அமெரிக்கால வாரநாள் சாயங்கால ரேஸுக்கு அப்படி ஒரு செல்லப் பேர், அவ்வளவுதான். கனடா கிரிமினல் சட்டத்துல குடிச்சிட்டு கார் ஓட்டினா என்னவோ படகு ஓட்டினாலும் அதேதான், பாய்ப்படகும் அதுல சேர்த்தி. சாப்பாடு, பேச்சு எல்லாம் படகைக் கழுவி, பாய் மடிச்சு, கவர் போட்டப்பறம்தான்.

காத்து எவ்வளவு இருந்தா போகலாம்? மழை வந்தா?

8லேர்ந்து 12 நாட் (மணிக்கு சுமார் 15லேர்ந்து 22 கிலோமீட்டர்) அருமையான காத்து. 15ஐத் தாண்டினா புதுசா வந்தவங்க அனுபவசாலி ஸ்கிப்பரோட மட்டும் போங்க. தெற்கால ஏரிலேர்ந்து வர்ற காத்து சீரா இருக்கும், ஆனா சூரியன் இறங்க இறங்க செத்துடும். வடக்கால ஊருக்குள்ளேர்ந்து வர்றது கட்டடத்துல மோதித் துண்டு துண்டா வரும், திடீர்னு திரும்பும், அதுல பூம் (பெரிய பாயோட அடில இருக்கற கம்பு) தலைல அடிக்காம பாத்துக்கோங்க. மழைக்கு ரேஸ் நிக்காது, இடிக்கு நிக்கும். ஒரு இடி கேட்டாலும் கரைக்குத் திரும்பணும், ஏன்னா அந்தத் தண்ணிப்பரப்புல உயரமா நிக்கறது உங்க பாய்மரம்தான்.

ரேஸ்ல இருக்கும்போது குறுக்க கயாக்கோ கப்பலோ வந்தா அவங்கதானே விலகணும்?

இல்ல. ரேஸ் விடறோம்கறதால நமக்குத் தனி உரிமை எதுவும் கிடையாது, வெளியாட்கள் விஷயத்துல சாதாரண நீர்வழி விதிதான். சர்க்கரை ஆலைக்குப் போற பெரிய கப்பல் ஈஸ்டர்ன் கேப்ங்கற நீர்வழி வழியா உள்ள போகும், அதுக்குத் திரும்பவும் முடியாது நிக்கவும் முடியாது, தூரத்துல பாத்தவுடனே ஒதுங்கிடுங்க. கயாக்ல வர்றவங்களுக்கு நாம அடுத்து எங்க திரும்புவோம்னு தெரியாது, பயப்படுவாங்க, கொஞ்சம் தள்ளியே போங்க.

நம்ம ஆளுங்க யாராவது இதுல பெரிய அளவுல வந்திருக்காங்களா?

வந்திருக்காங்க. சென்னைப் பொண்ணு நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பாய்ப்படகு வீராங்கனை, பாரிஸ் 2024க்கும் போனாங்க. கே.சி. கணபதி, வருண் தக்கர் ஜோடியும் சென்னைதான், 2018 ஆசிய விளையாட்டுல வெண்கலம். சென்னைத் துறைமுகத்துல ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911லேர்ந்து இருக்கு. டொராண்டோவுல இத்தனை தமிழர்கள் இருக்கோம், ஆனா ரேஸ் லைன்ல தமிழ்ப் பேச்சு கேக்கறது ரொம்ப அபூர்வமா இருக்கேன்னுதான் இதை எழுத உக்காந்தேன்.

பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வரலாமோ?

கரைக்குத் தாராளமா. படகுல க்ரூவா வர வயசு வரம்பும் பெற்றோர் கையெழுத்தும் கிளப்புக்குக் கிளப் வேற, முன்னாடியே கேளுங்க. குழந்தைக்குச் சரியான அளவு லைஃப் ஜாக்கெட் நீங்களே வாங்கிடுங்க, பெரியவங்களோடதை இறுக்கிக் கட்டினா தண்ணில மேல வழுக்கி வந்துடும். முதல் தடவை காத்து குறைவா இருக்கற ஒரு சனிக்கிழமை மதியம் கூட்டிட்டுப் போங்க. ரேஸுக்கு ரெண்டாவது தடவை.